மேரி அரசியும் காலியான கோயில்களும்

நேயர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் முதலாம் மேரி என்றதும் தீயில் எரிக்கப்பட்ட ஏறத்தாழ 280 புராட்டஸ்டன்ட் சீர்திருத்தச் சபையாரே நினைவுக்கு வருவார்கள். அந்தக் கொடுமையைப் பூசி மெழுக நான் வரவில்லை. ஆனால் 1553 முதல் 1558 வரை கத்தோலிக்கத்தை மீட்க அவர் எடுத்த முயற்சியில் பெரும்பங்கு கொத்தனார், தச்சர், கணக்கர் வேலைதான். சிக்கலும் அங்கேதான்.

சட்டம் சீக்கிரமே மாறியது. முன்பு ஆண்ட தம்பி ஆறாம் எட்வர்டின் புராட்டஸ்டன்ட் சமயச் சட்டங்களை முதல் நாடாளுமன்றமே நீக்கியது. 1553 டிசம்பர் 20 முதல் பழைய லத்தீன் பூசை.

பூசை வைக்கப் பொருள் வேண்டுமே! 1550இல் கற்பீடங்களை இடித்து மரமேசை போட்டிருந்தார்கள். 1552, 53இல் அரசு அதிகாரிகள் பட்டியல் எடுத்து வெள்ளிப் பாத்திரங்களையும் பட்டுத் திருவுடைகளையும் அள்ளிப் போயிருந்தார்கள். இப்போது ஒவ்வொரு பங்கும், அதாவது ஊர்க் கோயில் சபையும், பீடம், திருக்கிண்ணம், பூசைப் புத்தகம், திருவுடை, நற்கருணைச் சிமிழ் எல்லாவற்றையும் தன் செலவில் தேட வேண்டும். கல்லைக் கட்டினால் மட்டும் போதாது, ஆயர் அபிஷேகம் செய்தாக வேண்டும். பீடக்கல் சில ஊர்களில் தரையில் பதிந்து கிடந்தது. சில ஊர்களில் விலைபோயிருந்தது. டெவன் மாவட்டத்தின் மோர்பத் கிராமத்தில், வீடுகளில் ஒளித்து வைத்திருந்ததை மக்களே கொண்டுவந்து கொடுத்தார்கள். எல்லா ஊருக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. கையில் காசில்லாத பங்குகள் பாடுபட்ட சுரூபத்தை, அதாவது சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவத்தை, செதுக்காமல் பலகையிலோ துணியிலோ தீட்டி மாட்டின.

நிலம் இதைவிடப் பெரிய முடிச்சு. ரோமை விட்டுப் பிரிந்த மேரியின் தந்தை எட்டாம் ஹென்றி 1536 முதல் 1540க்குள் ஏறத்தாழ 800 மடங்களை மூடியிருந்தார். அந்த நிலங்களை வாங்கியவர்களே நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருந்தார்கள், பக்தியுள்ள கத்தோலிக்கர் உட்பட. 1553 ஆகஸ்டிலேயே பாப்பரசரின் தூதராக நியமிக்கப்பட்ட கர்தினால் ரெஜினால்டு போல், 1554 நவம்பரில்தான் நாட்டுக்குள் நுழைய முடிந்தது. தன் மகன் பிலிப்புக்கும் மேரிக்கும் முதலில் கல்யாணம் முடியட்டும் என்று பேரரசர் சார்லஸ் தடுத்தார்; நிலத்தைத் திரும்பக் கேட்பதில்லை என்ற உறுதி கிடைக்கட்டும் என்று நிலக்காரர்கள் காத்திருந்தார்கள். அந்த உறுதி 1555 ஜனவரிச் சட்டத்திலேயே எழுதப்பட்டது. திறக்க முடிந்த மடங்கள் ஆறேழுதான். அரசு வசூலித்துவந்த திருச்சபை வரிகளை மேரி விட்டுக்கொடுத்தார். ஆனால் பழைய துறவிகளின் ஓய்வூதியச் சுமையும் திருச்சபைக்குச் சேர்ந்தே வந்தது.

குருக்கள் பஞ்சமும் உண்டு. மணமான குருக்கள் பதவி இழந்தார்கள். மனைவியைப் பிரிந்து தவம் செய்தவர்களுக்கு வேறு பங்கு கொடுத்தார்கள். புதியவர்களை உருவாக்கப் பேராலயந்தோறும் குருமடம் (குருக்களுக்கான பயிற்சிப் பள்ளி) வேண்டுமென்று கர்தினால் போல் கூட்டிய சங்கம் 1556இல் முடிவு செய்தது. திரிதெந்து (டிரென்ட்) நகரில் கூடிய கத்தோலிக்கப் பொதுச்சங்கம் 1563இல்தான் அதை உலகத் திருச்சபைக்கே விதியாக்கியது. யோசனை நல்லதுதான், ஆனால் பலன் தர ஒரு தலைமுறை வேண்டும்.

பிறகு ரோமாபுரியே குறுக்கே வந்தது. மேரியின் கணவர் பிலிப்போடு போரிட்ட பாப்பரசர் நான்காம் பவுல், 1557 ஏப்ரலில் கர்தினால் போலின் தூதர் அதிகாரத்தைப் பறித்து, பதிதக் குற்றத்துக்கு (திருச்சபைப் போதனைக்கு மாறான கொள்கை) விசாரிக்க அழைத்தார். மேரி அவரை அனுப்ப மறுத்தார். ஆயர் பதவிகள் பல காலியாகவே கிடந்தன. 1558 நவம்பர் 17 அன்று மேரியும் கர்தினால் போலும் சில மணி நேர இடைவெளியில் இறந்தார்கள்.

ஆயர்களைத் தேர்ந்தெடுத்ததில் மட்டும் கணக்குத் தப்பவில்லை. திருச்சபைக்கு அரசரே தலைவர் என்ற ஹென்றிக்குப் பணியாமல் உயிர்விட்ட ஆயர் ஜான் ஃபிஷர் ஒருவர்தான். 1559இல் மேரிக்குப் பின் வந்த அரசி எலிசபெத் கேட்ட அதே மாதிரி உறுதிமொழியையோ மேரியின் ஆயர்களில் ஏறக்குறைய எல்லோரும் மறுத்துப் பதவி இழந்தார்கள்.