நகக்கண் அளவு வலையும் நான்கு வாரப் புலம்பலும்

வணக்கம் நண்பர்களே. நான்கு வாரங்களாக இந்தச் சிறிய காரை நான் திட்டித் தீர்த்ததைப் பொறுமையாகக் கேட்டீர்கள். குற்றம் இன்ஜின் மேல் இல்லை, ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடும் என் மேல்தான். உங்களில் பலர் இதை முன்பே சொன்னீர்கள். சொன்ன விதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

நின்ற இடத்தில் இன்ஜின் சீராக ஓடியது, 4000 ஆர்பிஎம்மைத் (நிமிடத்துக்கு 4000 சுற்று) தாண்டினால் பழைய துடிப்பும் இருந்தது. 1500க்கும் 2500க்கும் இடையில் மட்டும், மேட்டில் மூன்றாவது கியரில் மிதித்தால், இழுக்க மனமில்லாமல் முனகியது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்திருந்தால் அன்றே விடை கிடைத்திருக்கும்.

பிஸ்டன் அடிமட்டத்தைத் தொட்டு மேலேறத் தொடங்கிய பிறகும், காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வு சற்று நேரம் திறந்தே இருக்கும். அதிவேகத்தில் இது லாபம், ஏனெனில் விரைந்து வரும் காற்று தன் உந்தத்தாலேயே தொடர்ந்து உள்ளே நுழைகிறது; குறைந்த வேகத்தில் அந்த உந்தம் போதாததால், வந்த காற்றில் ஒரு பகுதியைப் பிஸ்டன் வந்த வழியே திருப்பித் தள்ளிவிடுகிறது. ஆகவே அங்கே வால்வு முன்னதாக மூட வேண்டும், அதற்கு வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம்ஷாஃப்ட்டை முன்னே திருப்ப வேண்டும். வண்டி நிற்கையில் இன்ஜின் மெல்ல ஓடும் ஐட்லிங்கில் அப்படித் திருப்பினால் இன்டேக்கும், புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட்டும் ஒரே சமயத்தில் திறந்திருக்கும் நேரம் கூடி, எரிந்த புகை உள்ளே கலந்து இன்ஜின் உதறும். இப்படி இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்வதுதான் விவிடி எனப்படும், வால்வு நேரத்தை மாற்றும் அமைப்பின் வேலை. இதைக் ‘கூடுதல் பவர் தரும் கருவி’ என்று விற்பவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன்: என் காரில் இன்டேக் கேமில் மட்டுமே, அதை முன்பின்னாகத் திருப்பும் ஃபேசர் உண்டு. ஆயில் அழுத்தம்தான் அதைத் திருப்புகிறது; எந்தப் பக்கம் எவ்வளவு ஆயில் போக வேண்டும் என்பதை இன்ஜினின் கணினியான இசியு, மின்சாரத்தால் இயங்கும் ஒரு சொலினாய்டு வால்வு மூலம் முடிவு செய்கிறது. ஆயில் வராவிட்டால் ஃபேசர் பின்தங்கிய நிலையிலேயே பூட்டிக்கொள்ளும். ஐட்லிங்குக்கும் அதிவேகத்துக்கும் அந்த நிலை ஏறக்குறைய பொருந்துவதால் நடுவில் மட்டும் இழுவை செத்துப்போனது. ஸ்கேனர் காட்டிய பி0012 குறியீட்டின் பொருளும் அதுவே: கேம், கேட்ட இடத்துக்கு வராமல் பின்தங்கி நிற்கிறது.

அந்த சொலினாய்டைப் பிடித்திருப்பது ஒரே ஒரு போல்ட். அது ஒரு நிமிடத்தில் கழன்றுவிட்டது. ஆனால் வெப்பத்தில் இறுகிப்போன ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் விடாப்பிடியாகப் பற்றிக்கொண்டதால், நாற்பது நிமிடம் இடமும் வலமுமாகத் திருகித் திருகி, கனெக்டரின் கிளிப் உடையாமல், ஆம், இம்முறை உடையாமல், வெளியே எடுத்தேன். சென்ற ஆண்டு உடைந்த கிளிப்பை நினைவில் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கைதட்டவும். உள்ளே நகக்கண் அளவுள்ள ஒரு சல்லடை வலை, பழைய ஆயிலின் கருப்புக் கசடு படிந்து கண்களே தெரியாமல் அடைத்திருந்தது.

வலையைக் கழுவி, புது ஓ-ரிங்கும் கையேடு சொல்லும் தடிமனில் புது ஆயிலும் போட்டேன். ஃபில்டரையும் மாற்றினேன், அதை மேலேயே சொல்லியிருக்க வேண்டும். அதே மேட்டில் அதே மூன்றாவது கியரில் 1800 ஆர்பிஎம்மிலிருந்து முனகாமல் ஏறுகிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஓரிரு நொடி கேட்கும் கடகடப்பு மட்டும் இன்னும் போகவில்லை. ஃபேசரின் பூட்டுப் பின் தேய்ந்திருக்குமோ என்று சந்தேகிக்கிறேன். அடுத்த காணொளியில் கவரைக் கழற்றிப் பார்த்துவிடுவோம்.