கறி வந்து சேர்ந்தது, செய்தி வரவில்லை

(சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில், இறைச்சிக் கடைக்காரர்களும் உணவகம் நடத்துவோரும் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

காலையில் தேக்கா சந்தையில் ஒரு மட்டன் கடை முன்னால் நின்று பாருங்கள். ஓர் அம்மா வந்து "அரைக் கிலோ குடுங்க" என்றால் பாய் உடனே கத்தியை எடுக்க மாட்டார். "பிரியாணிக்காம்மா, சூப்புக்கா?" என்று கேட்பார். பதிலைக் கேட்ட பிறகுதான் தொடையா, நெஞ்செலும்பா என்று கை போகும். சமைக்கிறவருக்கு என்ன வேண்டும் என்று வெட்டுகிறவருக்குத் தெரிந்துவிட்டால் கறி பாதி வெந்த மாதிரி.

ஆனால் அந்தச் செய்தி பாயோடு நின்றுவிடுகிறது. குளிர்கிடங்கு, இறக்குமதியாளர், ஆடு அறுக்கும் இறைச்சிக்கூடம், ஆட்டை ஏற்றிவந்த லாரி, பண்ணை என்று அவருக்குப் பின்னால் இருக்கும் யாருக்கும் அது போவதில்லை. அவர்களுக்குத் தெரிந்ததும் நம்மிடம் வருவதில்லை. பல வருடம் இறைச்சிக் குளிர்கிடங்கில் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதனால் வரும் நட்டத்தை நான் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

ஒரு வருடம் நடந்ததைச் சொல்கிறேன். காற்றை உறிஞ்சி அடைத்த பைகளில் குளிரூட்டிய ஆட்டிறைச்சி வந்திருந்தது. காலாவதித் தேதிக்கு இன்னும் நிறைய நாள் இருந்தது. ஆனால் கடைக்காரர் ஒருவர் பையைக் கிழித்ததும் அழுகின முட்டை நாற்றம். கொழுப்பின் ஓரம் பச்சை பாய்ந்திருந்தது. சதை கறுத்து, விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. அன்று மாலைக்குள் இன்னும் நான்கு கடைகளிலிருந்து போன். எல்லாரும் எங்கள் குளிர்கிடங்கைத்தான் குற்றம் சொன்னார்கள். வெப்பநிலைப் பதிவுகளை எடுத்துப் பார்த்தோம், ஒரு மணி நேரம்கூடத் தவறவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம், கறியைக் குப்பைக்கு அனுப்பினோம். வழக்கமாக அதோடு கதை முடிந்துவிடும்.

அந்தத் தடவை எங்கள் மேற்பார்வையாளர் விடவில்லை. குப்பைத் தொட்டியிலிருந்து அட்டைப்பெட்டிகளைத் திரும்ப எடுத்து, லேபிளில் இருந்த இறைச்சிக்கூடத்தின் எண்ணையும் அறுத்த தேதியையும் எழுத வைத்தார். ஐந்து கடைப் பெட்டிகளிலும் ஒரே கூடம், ஒரே தேதி. அங்கே எழுதிக் கேட்டோம். இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. அன்று அறுத்த ஆடுகள் நெடுந்தூரம் மழையில் நனைந்து, தீனி இல்லாமல் வந்தவையாம். பல உடல்களில் பிஎச் அளவு 6க்கு மேல் நின்றிருக்கிறது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பிஎச் என்பது அமிலத்தன்மையைக் காட்டும் எண்; எண் இறங்கினால் அமிலம் கூடுகிறது என்று அர்த்தம். உயிருள்ள ஆட்டின் தசையில் பிஎச் ஏறக்குறைய 7. அறுத்த பிறகு, தசையில் சேமித்து வைத்திருக்கும் கிளைக்கோஜன் என்ற சர்க்கரை லாக்டிக் அமிலமாக மாறி, ஒரு நாளுக்குள் பிஎச் 5.5 பக்கத்தில் இறங்கிவிடும். அந்த அமிலம்தான் கறிக்குக் காவல். பசியிலும் பயத்திலும் குளிரிலும் வந்த ஆட்டிடம் அந்தச் சர்க்கரை ஏற்கெனவே எரிந்து போயிருக்கும். அப்புறம் அமிலம் எங்கிருந்து வரும்? கறி கறுக்கும், சீக்கிரம் கெடும். காற்றில்லாத பைக்குள் சில நுண்ணுயிர்கள் சர்க்கரை கிடைக்காமல் புரதத்தைத் தின்று கந்தக வாயுவை விடும். முட்டை நாற்றம் அதுதான். அந்த வாயு கறியின் நிறமியோடு சேர்ந்தால் பச்சை.

என்னைச் சுட்டது எது தெரியுமா? கூடத்தில் பிஎச் அளந்திருக்கிறார்கள். எண் அவர்கள் கோப்பில் இருந்திருக்கிறது. கறி கடல் தாண்டி எங்களிடம் வந்துவிட்டது, அந்த ஓர் எண் மட்டும் வரவில்லை. வந்திருந்தால் அந்தப் பெட்டிகளை முதல் நாளே உறைகிடங்குக்கு மாற்றியிருப்போம், அல்லது உடனே சமைத்துத் தீர்க்கும் இடங்களுக்குக் கொடுத்திருப்போம். ஒரு கிலோகூட வீணாகியிருக்காது.

சிங்கப்பூர் தன் உணவில் 90 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்யும் ஊர். அனுமதி பெற்ற இடங்களிலிருந்துதான் இறைச்சி வரலாம், ஒவ்வொரு சரக்குக்கும் உணவு அமைப்பின் அனுமதி வேண்டும். அதனால் பாதுகாப்புக்கான காகிதங்கள் தவறாமல் வந்துவிடுகின்றன. மென்மையா, முதிர்ந்ததா, எத்தனை நாள் தாங்கும் என்ற தரச் செய்தியைக் கேட்கத்தான் சட்டம் இல்லை. நாமும் கேட்பதில்லை.

செய்தி பண்ணை வரை மேலே போகாததால் வரும் நட்டம் இன்னொரு விதம். ஆட்டு ஈரலில் நீர்க்கட்டி இருந்தால் பரிசோதகர் ஒதுக்கிவிடுவார். அது நாயின் குடலில் வாழும் நாடாப்புழுவால் வருவது. பண்ணைக்காரரிடம் "உன் ஆடுகளில் இத்தனை ஈரல் போயிற்று" என்று சொன்னால் அவர் நாய்க்குப் புழு மருந்து கொடுப்பார், செத்த ஆட்டின் ஈரலையும் நுரையீரலையும் அதற்குப் போடுவதை நிறுத்துவார். சொல்லாவிட்டால் அடுத்த வருடமும் ஈரல் குப்பைக்குத்தான்.

ஆஸ்திரேலியர்கள் 1990களின் கடைசியில் மாட்டிறைச்சிக்கு ஒரு தரமுறை கொண்டுவந்தார்கள். அதில் எனக்குப் பிடித்த விஷயம், அவர்கள் ஆரம்பித்த இடம். ஆயிரக்கணக்கான சாதாரண மக்களுக்குக் கறியைச் சமைத்துக் கொடுத்து, மென்மையையும் சாற்றையும் ருசியையும் கேட்டார்கள். அந்தப் பதிலிலிருந்து பின்னோக்கிப் போனார்கள். பிஎச், மாட்டின் முதிர்ச்சி, சதைக்குள் ஓடியிருக்கும் கொழுப்பு, உடலைக் குதிகால் நரம்பில் தொங்கவிட்டார்களா இடுப்பெலும்பில் தொங்கவிட்டார்களா என்பதுவரை கணக்கில் எடுத்தார்கள். இடுப்பில் தொங்கவிட்டால் தொடைச் சதை இழுபட்டு நிற்கும், சுருங்கி இறுகாது. சாப்பிடுகிறவர் சொன்னது அறுக்கிற கூடத்தின் கொக்கி வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது, பாருங்கள்.

இங்கே முன்வரிசையில் ஒரு அண்ணன் தலையாட்டுகிறார். அவர் மனதில் ஓடுவது எனக்குத் தெரியும்: "உண்மையைச் சொன்னால் விலையைக் குறைப்பான்." நியாயமான பயம்தான். பிஎச் அதிகம் என்று ஒப்புக்கொள்ளும் கூடத்துக்குத் தண்டனை, மறைக்கும் கூடத்துக்கு முழுவிலை என்றால் எவன் சொல்வான்? ஆகவே வாங்குகிறவர்தான் முதலில் மாற வேண்டும். முன்கூட்டியே சொன்ன குறைக்கு ஒரு விலை, நாமே கண்டுபிடித்த குறைக்கு வேறு விலை என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளலாம். எங்கள் நிறுவனம் அப்படித்தான் செய்தது. அடுத்த வருடமே அந்தக் கூடம் பெட்டிப் பட்டியலோடு பிஎச் எண்ணையும் அனுப்பத் தொடங்கியது.

பெரிய கணினி ஏற்பாடெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். சந்தையில் பெட்டியைப் பிரித்தவுடன் அட்டை குப்பைக்குப் போய்விடுகிறது. அதற்கு முன்னால் லேபிளை ஒரு படம் எடுங்கள். உணவகக்காரர்கள், அன்றைக்குக் குக்கரில் எத்தனை விசில் கூடுதலாக வைக்க வேண்டியிருந்தது என்று அதே படத்துக்குக் கீழே எழுதி, வாங்கிய பாய்க்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். நன்றாக வெந்த நாளிலும் அனுப்புங்கள். பாய், நீங்கள் அதை இறக்குமதியாளருக்குத் தள்ளிவிடுங்கள். நாளைக் காலைச் சரக்கிலேயே ஆரம்பிக்கலாம்.

நன்றி, வணக்கம்.