மூக்கு நீண்டது, ஆள் குறைந்துவிட்டான்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, எல்லாருக்கும் வணக்கம். சிறுவர் கதை நாயகன் திரைக்குப் போனால் வளர்கிறானா, தேய்கிறானா என்பது தலைப்பு. தேய்கிறான் என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் பினோக்கியோவைத் தன் பக்கத்துச் சாட்சியாகக் கூட்டி வந்தார். 1940இல் டிஸ்னி படமெடுத்ததால்தான் பொய் சொன்னால் மூக்கு நீளும் அந்த இத்தாலிய மரப்பொம்மை உலகத்துக்கே செல்லப்பிள்ளை ஆனது என்றார். சரி, அதே சாட்சியை நானும் கொஞ்சம் குறுக்கு விசாரணை செய்கிறேன்.

அந்தச் செல்லப்பிள்ளையை மூலக்கதை ஆசிரியர் கார்லோ கொல்லோடி எழுதவே இல்லை ஐயா. 1881இல் ஒரு சிறுவர் பத்திரிகையில் தொடராக அவர் எழுத ஆரம்பித்த பையன், தச்சுப் பட்டறையில் வெறும் கட்டையாகக் கிடக்கும்போதே வாயாடுகிறான். அவனுக்கு அப்பாவாகப் போகிற ஜெப்பெட்டோ என்ற கிழவர் உட்கார்ந்து செதுக்குகிறார். மூக்கு வருகிறது, பொய் ஒன்றும் சொல்லாமலேயே அது நீள ஆரம்பிக்கிறது, வெட்ட வெட்ட இன்னும் நீள்கிறது. வாய் வந்ததும் கேலிச் சிரிப்பு. கை வந்ததும் கிழவர் தலையிலிருந்த டோப்பாவைப் பிடுங்குகிறான், கால் வந்ததும் அவர் மூக்கிலேயே ஒரு உதை விடுகிறான், நடக்கக் கற்றுக்கொடுத்தால் தெருவுக்கு ஓடிப்போகிறான், துரத்திப் போன மனிதர் கடைசியில் போலீஸில் மாட்டிக்கொள்கிறார்! டிஸ்னியிலோ தேவதை வந்து கோலால் தொட்ட பிறகுதான் உயிரே வருகிறது. கண் விழித்ததிலிருந்து பையன் பச்சைமண், தப்பு நடந்தால் அது கூட்டிப் போனவர்கள் தப்பு.

அப்புறம் அந்தச் சில்வண்டு. புத்தகத்தில் நான்காவது அத்தியாயத்தில் அது புத்தி சொல்ல வருகிறது. இவன் மரச்சுத்தியலை எடுத்து வீசுகிறான், சுவரோடு ஒட்டிச் செத்துப்போகிறது. படத்தில் அதற்கு ஜிமினி என்று பெயர், கோட்டு, தொப்பி, குடை, கூடவே மனசாட்சி உத்தியோகம். ஆஸ்கர் வாங்கிய பாட்டையும் அதுதான் பாடுகிறது. நன்றாகவே பாடுகிறது, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் மனசாட்சியை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டால் பையனுக்குள் என்ன மிச்சம் இருக்கும்? டிஸ்னி குழுவும் முதலில் மரக்கட்டை மாதிரிதான் வரைந்தது. பல மாத வேலைக்குப் பிறகு, இவனை யாருக்கும் பிடிக்காது என்று வால்ட் டிஸ்னி நிறுத்தச் சொல்ல, உருண்டைக் கன்னமும் பெரிய கண்ணுமாக மாற்றி வரைந்தார்கள்.

யாருக்கும் பிடிக்காதா? பதினைந்தாவது அத்தியாயத்தில் கொல்லோடி பினோக்கியோவைக் கருவாலி மரத்தில் தூக்கில் தொங்கவிட்டுக் கதையை முடித்துவிட்டார். (ஆமாம், சிறுவர் பத்திரிகையில்தான்.) வாசகர்கள் விடவில்லை, சில மாதத்தில் மறுபடி ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. சில்வண்டைக் கொன்ற அந்தப் போக்கிரிதான் வேண்டும் என்று கேட்டவர்கள் அவர்கள்.

இப்போது முடிவுக்கு வருகிறேன், என் வழக்கே அங்கேதான் இருக்கிறது. படத்தில் மான்ஸ்ட்ரோ என்ற திமிங்கலத்திடமிருந்து அப்பாவைக் காப்பாற்றிச் சாகிறான், தேவதை மனிதப் பையனாக எழுப்பிவிடுகிறாள். கண்ணீர் வரும், மறுக்கவில்லை. புத்தகத்தில் அப்பாவை விழுங்கிய ராட்சத மீனின் வயிற்றிலிருந்து இருவரும் தப்பி வந்தபின்தான் வேலையே ஆரம்பிக்கிறது. நோயாளி அப்பாவுக்கு ஒரு டம்ளர் பால் வேண்டும், கையில் காசில்லை. தோட்டக்காரர் ஒருவர், நூறு வாளி தண்ணீர் இறைத்தால் ஒரு டம்ளர் பால் என்கிறார். செக்குமாடு மாதிரி சுற்றி இறைக்கிறான். விடியுமுன் எழுந்து ஐந்து மாதத்துக்கு மேல் இதே வேலை, மீதி நேரத்தில் கூடை முடைகிறான். புதுச் சட்டைக்கென்று சேர்த்த காசையும் தேவதைக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டதும் கொடுத்துவிடுகிறான். அன்று ராத்திரிதான் மனிதப் பையன் ஆகிறான். உயிரைக் கொடுக்க ஒரு ஆவேசம் போதும் நடுவர் அவர்களே, அப்பாவைக் கிழவர் என்றும் பாராமல் மூக்கில் உதைத்தவன் தினமும் விடியுமுன் எழுந்து போய் வாளி வாளியாக இறைத்தானே, அதற்கு எது போதும்? உதைத்ததை வெட்டிவிட்ட படத்துக்கு இறைத்ததைக் காட்டவும் வழியில்லை.

2022இல் கியெர்மோ டெல் டோரோ எடுத்த படத்தை அடுத்து வருபவர் கட்டாயம் இழுப்பார். நல்ல படம், அதில் பையன் மறுபடி அடங்காப்பிடாரிதான். ஆனால் அவர் கதையை இத்தாலிய சர்வாதிகாரி முசோலினி காலத்துக்குக் கொண்டுபோய், சொன்ன பேச்சைக் கேட்காததையே வீரமாக்கிவிட்டார். பொம்மை கடைசி வரை பொம்மையாகவே இருக்கிறது, மாற வேண்டியவர் அப்பாதான். பேர் பினோக்கியோ, ஆள் வேறு.

இன்னொன்றையும் கேட்கிறேன். புத்தகத்தில் பினோக்கியோவைப் பள்ளிக்குப் போகவிடாமல் விளையாட்டு உலகத்துக்குக் கூட்டிப் போன சிநேகிதன், படத்தில் போகிற வண்டியில் சேர்ந்துகொள்ளும் லாம்ப்விக். கழுதையாக மாறிக் கத்துகிறான், அதோடு சரி, அவனைப் பிறகு யாரும் தேடவில்லை. புத்தகத்தில், தோட்டக்காரரிடம் அதுவரை தண்ணீர் இறைத்த கழுதை தொழுவத்தில் சாகக் கிடக்கிறது. பினோக்கியோ குனிந்து, நீ யார் என்று கழுதை பாஷையில் கேட்கிறான். அவன்தான். பெயரைச் சொல்லிவிட்டுச் சாகிறான். பினோக்கியோ இறைத்தது அந்த சிநேகிதன் விட்டுப்போன இடத்தில் நின்றுதான். படத்தில் அந்தக் கழுதை என்ன ஆனது என்பதை மட்டும் சொல்லிவிட்டு எதிரணி தன் அடுத்த பேச்சைத் தொடங்கட்டும்.