'ரூடா பேசினார்' என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது?

(திரையில்: கோடு போட்ட தாளில், நீல மையில் ஒரு வரி. "அந்த ஊழியர் என்னிடம் தவறாக நடந்துகொண்டார்.")

இந்த வரியை எழுதியது என் சித்தி. ஒரு அலுவலகத்தில் முகவரி மாற்றப் போயிருந்தார். கவுன்ட்டரில் இருந்தவர் படிவத்தை வாங்கிப் பார்த்துவிட்டு மேசைமேல் திருப்பி வீசி, "படிக்கத் தெரியாதா? போய் ஒழுங்கா எழுதிட்டு வா" என்று பின்னால் வரிசையில் நிற்கிற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லியிருக்கிறார். சித்திக்கு 62 வயது. வீட்டுக்கு வந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்து இந்தப் புகாரை எழுதி அனுப்பிவிட்டார்.

இரண்டு நாள் கழித்து மேலதிகாரியிடமிருந்து போன். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அம்மா, இங்கே ஒரு பெண் அதிகாரி இருக்கிறார், அவரிடம் பேசுகிறீர்களா? என்ன நடந்தது என்று தயங்காமல் சொல்லுங்கள்" என்றாராம். சித்திக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் பதறிப்போய்விட்டார்.

அந்த அதிகாரி மேல் தப்பே இல்லை, சரியாகத்தான் கேட்டிருக்கிறார். 'தவறாக நடந்துகொண்டார்' என்பதற்கு அகராதிப்படி பொருள் வேறாக இருக்கலாம், ஆனால் நம் செய்தித்தாள்கள் பாலியல் சீண்டலை மறைத்துச் சொல்ல அந்தத் தொடரைத்தான் எடுத்துக்கொள்கின்றன, அதனால் படிக்கிறவர் மனதில் அதுதான் முதலில் வருகிறது. 'அத்துமீறினார்', 'அநாகரிகமாக நடந்துகொண்டார்', 'மிஸ்பிஹேவ் பண்ணினார்' எல்லாமே கிட்டத்தட்ட அதே பக்கம்தான் சாய்கின்றன. சித்தி சொல்ல வந்தது 'ரூடா பேசினார்' என்பதை. ஆங்கிலச் சொல் வேண்டாம் என்று நினைத்து, கைக்கு வந்த தமிழை எழுதிவிட்டார்.

ரூட் என்பதற்கு இணையாகத் தமிழில் ஒரே ஒரு சொல் கிடையாது. அது குறை என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த ஆள் செய்தது என்ன என்பதைப் பொறுத்து இங்கே சொல் மாறுகிறது, அவ்வளவுதான்.

(திரையில்: வா / வாங்க / போ / போங்க)

சித்திக்கு உண்மையில் எது வலித்தது என்று கேட்டேன். படிவத்தை வீசியதுகூட இல்லை. "எழுதிட்டு வா-ன்னு சொன்னான்டா, வாங்க-ன்னு சொல்லல." ஒரே ஒரு 'ங்க'. அது இல்லாமல் போனால் வயதில் பெரியவரை அடித்த மாதிரி ஆகிவிடுகிறது. அதைச் சொல்லத் தமிழில் கச்சிதமான ஒரு தொடர் இருக்கிறது: 'ஒருமையில் பேசினார்'. இலக்கண வகுப்புச் சொல் அப்படியே புகார்ச் சொல்லாகிவிட்டது. சட்டமன்றச் செய்தியிலிருந்து பஸ் கண்டக்டர் சண்டை வரை 'ஒருமையில் பேசியதாக' என்று எழுதினால் யாருக்கும் சந்தேகமே வராது. 'வா, போ என்று பேசினார்' என்றாலும் அதேதான். இதில் ஊர் வித்தியாசமும் உண்டு. யாழ்ப்பாணத்தில் நீ-க்கும் நீங்கள்-க்கும் நடுவே 'நீர்' என்று ஒரு படி பேச்சில் இருக்கிறது, அங்கே அது இயல்பான, சமமான விளிப்பு. தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் முதன்முறை கேட்டால் அதட்டுவதாக நினைத்துவிடலாம். அவசரப்பட்டு அதை அவமரியாதை என்று எழுதிவிடாதீர்கள்.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். ஒருமையில் பேசினார் என்று புகார் எழுதுகிறபோது நீங்களே 'சொன்னான்', 'வீசினான்' என்று எழுதிவிட்டால், படிக்கிறவருக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் தெரியும். கோபத்தில் எனக்கும் அப்படித்தான் வரும். அனுப்புவதற்கு முன்னால் ஒருமுறை படித்து 'ஆர்' போட்டுவிடுங்கள்.

சரி, படிவத்தை வீசியதை எப்படிச் சொல்வது? வீசினார் என்றே எழுதலாம். பேச்சிலேயே அந்த வீச்சு இருந்தால் 'எடுத்தெறிந்து பேசினார்'. கேட்டதற்கு நொடியில் வெட்டிப் பதில் சொன்னால் 'வெடுக்கென்று சொன்னார்'. மறு பேச்சுக்கே இடமில்லாமல் மறுத்தால் 'முகத்தில் அடித்தாற்போல் சொன்னார்'. இந்த மூன்றும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். எதுவும் அந்த ஆளின் குணம் இன்னது என்று தீர்ப்புச் சொல்லவில்லை, நடந்ததைக் காட்டிவிட்டு நின்றுவிடுகிறது.

வேண்டுமென்றே செய்யாதவர்களும் இருக்கிறார்கள். துக்க வீட்டில் வந்து சொத்து யாருக்கு என்று கேட்பார்கள். அவர்களைத் திமிர் பிடித்தவர்கள் என்றால் அது அநியாயம். 'இங்கிதம் தெரியாதவர்' என்பதுதான் சரி. வடமொழியில் இங்கிதம் என்றால் குறிப்பு, சைகை. எதிரில் இருப்பவர் முகக்குறிப்பைப் படிக்கத் தெரியவில்லை என்று மட்டும் அந்தச் சொல் சொல்கிறது. பாரசீகத்திலிருந்து வந்த 'நாசூக்கு' அதற்குப் பக்கத்து வீடு, மென்மை என்று பொருள்.

இனி, அநாகரிகம். முதலில் எழுத்து: நாகரிகம்தான் சரி, 'ரீ' போட்டு நாகரீகம் என்று எழுதுவது பிழை. இந்தச் சொல் நகரம் என்பதிலிருந்து வந்தது. ஆனால் திருக்குறளில் 580-ஆவது குறளைப் பாருங்கள். பழகியவர் தன் கண் முன்னே நஞ்சை ஊற்றினாலும் அதைக் குடித்துவிட்டு அமைந்திருப்பார்களாம், நாகரிகம் வேண்டுகிறவர்கள். அது இருப்பது கண்ணோட்டம் என்கிற அதிகாரத்தில், அதாவது இரக்கத்தைப் பற்றிப் பேசுகிற இடத்தில். அங்கே நாகரிகத்துக்கும் நகரத்துக்கும் சம்பந்தமே இல்லை. நாமோ 'பட்டிக்காட்டான் மாதிரி நடந்துக்கிறான்', 'காட்டான்' என்று கூசாமல் எழுதுகிறோம். கவுன்ட்டரில் உட்கார்ந்து ஒரு அம்மாவை அவமானப்படுத்துகிறவருக்காக, எங்கோ வயலில் நிற்கிற மனிதரை ஏன் இழுக்க வேண்டும்? 'வளர்ப்பு சரியில்லை' என்பதும் இப்படித்தான், அந்த ஆளைப் பெற்றவர்கள் பாவம், அவர்கள் அங்கே இல்லவே இல்லை. இந்த மூன்றையும் நான் எழுதுவதில்லை, நீங்களும் விட்டுவிட்டால் சந்தோஷப்படுவேன்.

இன்னொரு எச்சரிக்கை, சுருக்கமாக. 'தகாத வார்த்தை' என்று எழுதினால் கெட்ட வார்த்தை என்று பொருள். 'ஆபாசமாகத் திட்டினார்' என்றால் அது சட்ட விஷயம். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 294, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 296-ஆவது பிரிவு. உண்மையிலேயே நடந்திருந்தால் தயங்காமல் எழுதுங்கள். வெறும் கடுகடுப்புக்கு அந்தச் சொல்லை எடுத்தால், நாளைக்கு நிஜமாகவே பாதிக்கப்பட்டு வருகிற பெண்ணின் சொல்லுக்கு எடை குறைந்துவிடும்.

சித்தியும் நானும் உட்கார்ந்து கடிதத்தைத் திருத்தினோம். 'மரியாதைக்குறைவாக' என்று ஒரு சொல் போதும் என்று நான் நினைத்தேன், அவர்தான் நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னார்.

(திரையில்: அதே தாள், புதிய வரிகள்)

"படிவத்தை என் முன் வீசினார். 'படிக்கத் தெரியாதா' என்று வரிசையில் நின்றவர்கள் முன்னிலையில் கேட்டார். என்னை ஒருமையில் பேசினார். படிவத்தில் என்ன பிழை என்பதை இதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை."

கடைசி வரி சித்தி சேர்த்தது. எனக்கு அது தோன்றவேயில்லை.