டாம் கிரீன் என்ற பெயருக்குரிய இன்னொருவர்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். டாம் கிரீன் என்றால் அயர்லாந்தில் பலருக்கும் துருவப் பயணத் தலைவர்களான ஸ்காட்டுடனும் ஷாக்கிள்டனுடனும் அண்டார்க்டிகா சென்ற கெர்ரிப் பகுதிக் கடலோடியே நினைவுக்கு வருவார். அதே பெயருடைய இன்னொருவர், 1873இல் டப்ளினில் பிறந்த மருத்துவர் தாமஸ் ஜோசப் கிரீன், அந்தப் புகழின் நிழலில் மறைந்துபோனார். எனக்கு அது பெருங்குறையாகவே படுகிறது.

பதினெட்டு வயதில் பிளாக்ராக் கடலில் மூழ்கவிருந்த ஒரு மாணவரைக் காப்பாற்றி ராயல் ஹியூமேன் சொசைட்டியின் விருதைப் பெற்றவர் அவர். மருத்துவம் பயின்றுகொண்டே வாண்டரர்ஸ் கழகத்துக்காக ரக்பி ஆடினார். நல்ல உடற்கட்டுள்ள முன்கள ஆட்டக்காரரான அவர், 1894 முதல் 1896 வரை அயர்லாந்துக்காக 9 ஆட்டங்களில் களமிறங்கினார். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகிய மூன்று அணிகளையும் ஒரே பருவத்தில் அயர்லாந்து முதன்முறையாக வென்ற 1894ஆம் ஆண்டு அணியிலும் இருந்தார்.

1896இல் பிரிட்டிஷ் தீவுகளின் ரக்பி அணியோடு தென்னாப்பிரிக்கா சென்றார். அந்த அணி 21 ஆட்டங்களில் ஒன்றில் மட்டுமே தோற்றது. பயணம் முடிந்து மற்றவர்கள் கப்பலேற, கிரீனும் அவருடைய கழகத் தோழர் ராபர்ட் ஜான்ஸ்டனும் அங்கேயே தங்கிவிட்டார்கள். கிரீன் ஜோகன்னஸ்பர்க்கில் மருத்துவராகப் பணியாற்றினார்.

1899இல் தென்னாப்பிரிக்காவில் பிரிட்டனுக்கும், டச்சு வழிக் குடியேறிகளான போயர்களுக்கும் இடையே போயர் போர் மூண்டது. அயர்லாந்துக்காரர்கள் இரு தரப்பிலும் நின்று போரிட்ட போர் அது. அதன் நியாயம் பற்றி அயர்லாந்திலேயே கடும் கருத்து வேறுபாடு இருந்தது. பிரிட்டிஷ் தரப்பின் இம்பீரியல் லைட் ஹார்ஸ் என்ற குதிரைப்படையில் சேர்ந்த கிரீன், பின்னர் அதன் மருத்துவ அதிகாரியானார். 1901 டிசம்பர் 18 அன்று டைகர்க்ளூஃபில், எதிரியின் துப்பாக்கிகள் வெறும் 150 கஜத் தொலைவிலிருந்து சுட்டுக்கொண்டிருக்க, முன்வரிசையில் விழுந்துகிடந்தவர்களுக்கு அவர் சிகிச்சை அளித்துக்கொண்டிருந்தார். தன்மீதே ஒரு குண்டு பாய்ந்த பிறகும் அவர் கை ஓயவில்லை. இரண்டாவது குண்டு சாய்த்தபோதுதான் நிறுத்தினார். அவர் பிழைக்கமாட்டார் என்றே முதலில் நினைத்தார்கள். ஆனால் அவர் பிழைத்தார். போர்க்கள வீரத்துக்கான பிரிட்டனின் மிக உயர்ந்த விருதான விக்டோரியா கிராஸ் பெற்றார். எலண்ட்ஸ்லாக்டெ போரில் காட்டிய வீரத்துக்காக ஜான்ஸ்டனுக்கும் அதே விருது கிடைத்தது. ஒரே கழகத்திலிருந்து ஒன்றாகக் கப்பலேறிய இரு ஆட்டக்காரர்களுக்கு ஒரே போரில் அவ்விருது கிடைத்ததை எண்ணும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

முதல் உலகப் போரிலும் ராணுவ மருத்துவராகப் பணியாற்றி, ராணுவ அதிகாரிகளுக்கான டி.எஸ்.ஓ. (டிஸ்டிங்விஷ்டு சர்வீஸ் ஆர்டர்) விருது பெற்றார். ஆனால் கடைசி ஆண்டுகளில் உடல் நலிந்தது, கடன் நெருக்கியது. 1923 மார்ச் 25 அன்று, ஐம்பது வயது நிறைவதற்குச் சில வாரங்களுக்கு முன், லண்டனில் காலமானார். கென்சல் கிரீனிலுள்ள புனித மேரி கத்தோலிக்கக் கல்லறையில் அவர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.