லூன, லூனம், லூனை: தமிழ்க் காதுக்கு லத்தீன் வேற்றுமை

நேயர்களுக்கு வணக்கம்.

லத்தீன் படிக்கத் தொடங்கிப் பாதியில் விட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் வேற்றுமை அட்டவணையைத்தான் குறை சொல்வார்கள். பெயர்ச்சொற்களில் ஐந்து வகை, ஒவ்வொன்றுக்கும் ஆறு வேற்றுமை, அதிலும் ஒருமை தனி, பன்மை தனி. ஆக அறுபது கட்டம். முதல் நாளே இதைக் கரும்பலகையில் எழுதி மனப்பாடம் செய்யச் சொன்னால் யார்தான் ஓடமாட்டார்கள்?

தமிழ் பேசுகிறவருக்கு வேற்றுமை என்றால் என்ன என்று புதிதாக விளக்க வேண்டியதில்லை. எழுத்தே தெரியாத குழந்தைகூட ‘அம்மாவை’, ‘அம்மாவுக்கு’, ‘அம்மாவோடு’ என்று பிசகாமல் பேசுகிறது. ‘வேற்றுமை தாமே ஏழென மொழிப’ என்று தொடங்கும் தொல்காப்பியம், விளியையும் சேர்த்து எட்டு என்கிறது. எட்டு தெரிந்தவருக்கு ஆறு கஷ்டமா? கஷ்டம்தான். ஆனால் பாடநூல் எதிர்பார்க்கும் இடத்தில் இல்லை, வேறு இடங்களில். ஆசிரியரின் நேரம் அந்த இடங்களுக்குத்தான் போக வேண்டும் என்பது என் கட்சி.

முதல் வகுப்பில் எனக்கு இரண்டு வாக்கியம் போதும். ‘கனிஸ் ஹொமினெம் மொர்தெத்’: நாய் மனிதனைக் கடிக்கிறது. ‘ஹொமோ கனெம் மொர்தெத்’: மனிதன் நாயைக் கடிக்கிறான். அப்புறம் முதல் வாக்கியத்தைப் புரட்டி, ‘ஹொமினெம் கனிஸ் மொர்தெத்’ என்று சொல்லிவிட்டு, யார் யாரைக் கடிக்கிறார்கள் என்று கேட்பேன். ஆங்கிலத்தில் யோசிக்கிறவர், முன்னால் நிற்கிறவர்தான் கடிக்கிறார் என்பார். தமிழில் யோசிக்கிறவர் ‘மனிதனை நாய் கடிக்கிறது’ என்று சட்டென்று சொல்லிவிடுவார். ‘ஹொமினெம்’ என்பதில் இருக்கும் ‘எம்’ நம்முடைய ‘ஐ’ செய்கிற வேலையைத்தான் செய்கிறது. சிக்கல் என்னவென்றால், நம் மாணவர்களும் ஆங்கில வழிப் பாடநூலை வைத்துக்கொண்டு, லத்தீனை ஆங்கிலமாக்கி, அதை மறுபடி தமிழாக்குகிறார்கள். அந்தச் சுற்றுவழியை முதல் நாளே அடைத்துவிட வேண்டும்.

சரி, கஷ்டம் எங்கே? நிலாவுக்கு லத்தீனில் ‘லூன’. ‘நிலாவை’ என்பதற்கு ‘லூனம்’. ‘நிலாவின்’, ‘நிலாவுக்கு’, ‘நிலாக்கள்’ இந்த மூன்றுக்கும் ஒரே வடிவம், ‘லூனை’. பழைய ரோமானிய உச்சரிப்பைச் சொல்கிறேன். தேவாலய உச்சரிப்பில் இது ‘லூனே’ ஆகிவிடும். இப்போது தமிழ்க் காதால் கேட்டுப் பாருங்கள். ‘லூனம்’ என்றால் மரம், குளம் போல எழுவாய் மாதிரி ஒலிக்கிறது. ‘லூனை’ என்றால் இரண்டாம் வேற்றுமை மாதிரி ஒலிக்கிறது. உண்மை நேர் எதிர். ஆங்கிலேய மாணவருக்கு வராத இந்தத் தடுமாற்றம் நமக்கு வரும், எந்தப் பாடநூலும் இதை எச்சரிப்பதில்லை. வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித்தான் தீர்க்க வேண்டும்.

நமக்குச் சாதகமான ஒன்றும் இதே சொல்லில் இருக்கிறது. குறிலாக ‘லூன’ என்றால் எழுவாய். நெடிலாக ‘லூனா’ என்றால் அப்லேட்டிவ் என்ற வேற்றுமை. ரோமானிய எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்; பாடநூலில் மட்டும் மேலே ஒரு கோடு போடுவார்கள். குறில் நெடில் பார்த்தே வளர்ந்த காதுக்கு அந்தக் கோடு தேவையே இல்லை.

அப்லேட்டிவ் என்றேன். பாதி நேரத்தை இதற்கே ஒதுக்கலாம். லத்தீனின் மூதாதை மொழியில் நீங்கல், கருவி, இடம் மூன்றுக்கும் தனித்தனி வேற்றுமை இருந்தது. லத்தீனில் மூன்றும் கலந்து ஒன்றாகிவிட்டன. ‘கிளதியோ’ என்றால் வாளால். ‘கும் அமீகோ’, நண்பனோடு. ‘எக்ஸ் உர்பெ’, நகரத்திலிருந்து. ‘இன் உர்பெ’, நகரத்தில். நம் கணக்கில் மூன்றாம், ஐந்தாம், ஏழாம் வேற்றுமைகள் அங்கே ஒரே கூரையின் கீழ். எனவே ஒரு அப்லேட்டிவ் வந்தால், இது ‘ஆல்’ஆ, ‘ஓடு’வா, ‘இலிருந்து’வா, ‘இல்’லா என்று கேட்டுப் பழக்கினால் போதும். கி.மு. முதல் நூற்றாண்டு ரோமானிய அறிஞர் வர்ரோ இதை ஆறாம் வேற்றுமை என்றும், லத்தீனுக்கே உரியது என்றும் சொன்னார். கிரேக்கத்தில் இதற்குத் தனி வடிவம் கிடையாது. நமக்கோ ஆறாம் வேற்றுமை என்றால் உடைமை. அதனால் வகுப்பில் எண் சொல்லிக் குழப்ப வேண்டாம்.

நான்காம் வேற்றுமையில் இனிப்பும் உண்டு, கசப்பும் உண்டு. ‘மிஹி லிபெர் எஸ்த்’ என்பதை அப்படியே ‘எனக்குப் புத்தகம் இருக்கிறது’ என்று மாற்றலாம். என்னிடம் ஒரு புத்தகம் இருக்கிறது என்று பொருள். ஆங்கில வழி மாணவருக்குத் தனிப் பாடமாக வைக்கும் இந்த அமைப்பு நமக்குச் சும்மா கிடைக்கிறது. ஆனால் ‘நகரத்துக்குப் போகிறான்’ என்பதை எழுதச் சொன்னால் அதே ‘கு’ பழக்கத்தில் ‘உர்பீ’ என்று எழுதிவிடுவார்கள். தப்பு. லத்தீனில் போய்ச் சேரும் இடத்துக்கு இரண்டாம் வேற்றுமை வேண்டும்: ‘அத் உர்பெம்’. ‘நகரத்தை அடைகிறான்’ என்று நினைத்துக்கொண்டு எழுதச் சொல்லுங்கள், கை தானாகத் திருந்தும்.

லத்தீன் அகராதியில் ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு வடிவம் கொடுப்பார்கள். ‘ரேக்ஸ், ரேகிஸ்’, அரசன், அரசனின். எதற்கு இரண்டு என்று மாணவர் முனகுவார். ‘மரம்’ உருபு ஏற்கும்போது ‘மரமை’ ஆவதில்லை, ‘மரத்தை’ ஆகிறது; ‘வீடு’ ‘வீட்டை’ ஆகிறது. அதுபோல ‘ரேக்ஸ்’ உருபு ஏற்கும் உடம்பு ‘ரேக்’. அதைக் காட்டிக்கொடுப்பது இரண்டாவது வடிவம். ‘ரேகெம்’, ‘ரேகீ’, ‘ரேகெ’ எல்லாம் அதிலிருந்து பிறக்கின்றன.

பன்மையில் மட்டும் தமிழ் உதவாது. ‘மலர்களை’ என்பதைக் ‘கள்’, ‘ஐ’ என்று பிரித்துக் காட்டலாம். ‘லூனாஸ்’ என்பதில் பன்மையும் வேற்றுமையும் ஒன்றாக உருகிக் கிடக்கின்றன, பிரிக்க முடியாது. இங்கே மனப்பாடம் தவிர வழியில்லை. விளிக்கு ஐந்து நிமிடம் போதும்: கண்ணன் ‘கண்ணா’ ஆவதுபோல மார்குஸ் ‘மார்கெ’ ஆவான், மற்ற பெயர்கள் பெரும்பாலும் மாறுவதில்லை.

அட்டவணையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. படித்த வாக்கியங்களிலிருந்து மாணவரே கட்டங்களை நிரப்பட்டும். வரிசை விஷயத்தில் நான் பிரிட்டிஷ் பாடநூல்களின் பக்கம்: எழுவாய், விளி, செயப்படுபொருள் முதலில், பிறகு உடைமை, கொடை, அப்லேட்டிவ். ‘பெல்லும்’, அதாவது போர், போல லத்தீன் இலக்கணம் ஆண்பாலிலும் பெண்பாலிலும் சேர்க்காத சொற்களுக்கு முதல் மூன்றும் ஒரே வடிவம். நாமும் ‘மரம் வெட்டினான்’ என்று ‘ஐ’ இல்லாமல் சொல்கிறோமே. பன்மையில் கடைசி இரண்டும் எப்போதும் ஒன்றுதான், ‘லூனீஸ்’ போல. ஒன்றுபோல் இருப்பவை பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டால், எழுத வேண்டிய கட்டங்கள் எவ்வளவு குறைகின்றன என்பதை மாணவரே கண்டுபிடித்துவிடுவார்.

நன்றி, வணக்கம்.