மலை இல்லாத ஊரிலும் சேறு பாயும்

[காட்சி: காசிமேடு கடற்கரை. கையால் குவித்த மணல்.]

காய்ஞ்ச மணலைக் குவிச்சா 30, 35 டிகிரி சரிவுக்கு மேல நிக்காது. லேசா ஈரம் இருந்தா அதே மணல் செங்குத்தாவே நிக்கும். துகள்களுக்கு நடுவுல இருக்குற மெல்லிய நீர்ப்படலம் அதை இழுத்துப் பிடிச்சிருக்கு. இப்போ ஒரு வாளித் தண்ணியை ஊத்துங்க. இடைவெளி முழுக்கத் தண்ணி நிரம்பி, அந்த அழுத்தம் துகள்களை விலக்கிடும். உராய்வு போச்சுன்னா குவியல் தன் எடையாலேயே ஓடிடும்.

[காட்சி: மலைச்சரிவின் குறுக்குவெட்டுப் படம்.]

மலையில நடக்குறதும் இதுதான். மேல மண், கீழ பாறை. மண்ணுக்குள்ள இறங்குற மழைத்தண்ணி பாறையைத் தாண்டிப் போக முடியாம அங்கேயே தேங்கும். மேல இருக்குற மண் பிடி விட்டுடும். 2024 ஜூலை 30 விடியறதுக்கு முன்னாடி வயநாட்டுல சுமார் 1,550 மீட்டர் உயரத்துல இப்படிச் சரிஞ்சது, ஆத்து வழியா ஏறக்குறைய 8 கிலோமீட்டர் பாய்ஞ்சது. போற வழியில தண்ணி, பாறை, மரம்னு சேர்த்துக்கிட்டே போகும். அதனாலதான் மலைக்கு ரொம்பத் தள்ளி இருந்த வீடும் தப்பலை. அதே வருஷம் டிசம்பர் 1, நம்ம ஊர்க்காரங்க கிரிவலம் போற திருவண்ணாமலையில, ஃபெஞ்சல் புயல் மழையில மலையடிவார வீடு ஒண்ணு புதைஞ்சு 7 பேர் போயிட்டாங்க.

[காட்சி: எண்ணூர் பகுதி வரைபடம்.]

வடசென்னை தட்டை நிலம். ஆனா மனுஷன் குவிச்சதும் சரிவுதான். கொழும்பு மீதொட்டமுல்லயில குப்பை மேடு 2017 சித்திரைப் புத்தாண்டு அன்னிக்குச் சரிஞ்சு 32 பேரைக் கொன்னுது. கொடுங்கையூர் குப்பைக் கிடங்கு பக்கம் இருக்குறவங்க இதை மறக்கக் கூடாது.

அதைவிட கவனிக்க வேண்டியது சாம்பல் குளம். அனல் மின் நிலையச் சாம்பலைத் தண்ணியில கரைச்சு, குழாய்ல அனுப்பி, கரை கட்டின குளத்துல விடுவாங்க. செப்பாக்கத்துல இருக்குறது அந்த மாதிரிதான். சாம்பல் அடியில படியும். ஆனா துகள் ரொம்ப நுண்ணியது. அதனால தண்ணி சீக்கிரம் வடியாது. மேல காய்ஞ்ச தரை மாதிரி தெரிஞ்சாலும் உள்ளே ஊறியே கிடக்கும். துகளுக்கு ஒட்டும் தன்மையும் குறைவு, அதனால கரை உடைஞ்சா படிஞ்ச சாம்பலும் சேர்ந்து ஓடும். மத்தியப் பிரதேசம் சிங்ரௌலியில 2020 ஏப்ரல் 10-ல அப்படி உடைஞ்சு 6 பேரை அடிச்சுட்டுப் போச்சு. மழைக்காலம்கூட இல்லை, பாருங்க.

[காட்சி: கரையின் வெளிப்பக்க அடிவாரம்.]

கரை உடையறதுக்கு முக்கியமா ரெண்டு வழி. ஒண்ணு, தண்ணி மட்டம் ஏறி மேல வழிஞ்சு அரிக்கிறது. இன்னொண்ணு, கரைக்குள்ள ஊறுற தண்ணி மண்ணை அள்ளி அள்ளிக் குழாய் மாதிரி துளை போடுறது. வெளிப்பக்கம் கசியுற தண்ணியைக் கண்ணாடி பாட்டில்ல பிடிச்சுக் கொஞ்ச நேரம் வைங்க. தெளிவா இருந்தா தொடர்ந்து கண்காணிக்கணும். அடியில வண்டல் நின்னா கரை உள்ளுக்குள்ள கரையுதுன்னு அர்த்தம், உடனே சொல்லணும்.

இங்கதான் பலர் தவறு பண்றாங்க. கசிவை களிமண்ணால அடைச்சா உள் அழுத்தம் ஏறும், வேற இடத்துல பிய்ச்சுக்கும். சரியான முறை, அது மேல முதல்ல மணல், அதுக்கு மேல ஜல்லின்னு பரப்புறது. தண்ணி வெளியே வரும், மண் நிக்கும்.

கரையோட உச்சியில நீளவாக்குல விரிசல் தெரிஞ்சாலோ, கசிவு திடீர்னு கலங்கினாலோ கரையடியில நிக்காதீங்க. சேறு ஓடுற திசையிலயே ஓடக் கூடாது. பக்கவாட்டுல விலகி மேட்டுக்குப் போங்க.